ஜகந்நாத் சங்கர்சேட்: வாக்குச் சீட்டு இல்லாத காலத்து மக்கள் தலைவர்

பம்பாயில் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடப்போர் நானா சௌக் என்னும் நாற்சந்தியை அடைவர். அதற்குத் தெற்கே, கிர்காம் பகுதியின் நடுவே செல்லும் பெருஞ்சாலைக்கு ஜகந்நாத் சங்கர்சேட் சாலை என்பது பெயர். நானா என்பதும் ஜகந்நாத் சங்கர்சேட் என்பதும் ஒருவரையே குறிக்கும். மராட்டிய மக்கள் அன்பு பற்றி அவரை நானா என்று அழைத்தனர். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் மக்களாகிய நாம் இந்தப் பெயரைப் பலகைகளில் பன்முறை கண்டிருக்கிறோம். ஆனால், அப்பெயருக்கு உரியவர் யார், அவர் செய்தது என்ன என்று வினவியவர் நம்முள் சிலரே ஆவர். அவருடைய வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது, நாம் குடியேறி வாழும் இந்நகரை அறிந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்க நாட்டின் ஊர் வரலாறுகளில் ஒருவகை மனிதரை அடிக்கடி காண்கிறோம். அவர் முதலில் ஒரு கடை வைப்பார். பிறகு ஊர் வங்கியில் பங்கு கொள்வார். ரயில் பாதை தம் ஊர் வழியாக வர வேண்டும் என்று முயல்வார். பள்ளிக்கூடத்திற்கு நிலம் தருவார். முடிவில் நகரத் தலைவராகவோ, மாநிலச் சட்டசபை உறுப்பினராகவோ தேர்ந்தெடுக்கப்படுவார். வணிகமும் அரசியலும் அவரிடம் ஒன்றையொன்று தழுவி நிற்கும். அதே காலத்தில் பம்பாயில் அத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் ஜகந்நாத் சங்கர்சேட். எனினும், ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அமெரிக்க வணிகரின் கையில் வாக்குச் சீட்டின் வலிமை இருந்தது. ஜகந்நாதர் காலத்துப் பம்பாயில் அந்த வலிமை எவருக்கும் இல்லை. வரி செலுத்துவோர் வாக்களித்து நகரசபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1872-இல்தான் அங்கு வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே அவர் மறைந்துவிட்டார். அப்படியாயின், மக்கள் சார்பில் பேசும் உரிமையை அவருக்கு அளித்தது எது? இவ்வினாவை மனத்திற் கொண்டு அவர் வாழ்வை நோக்குவோம்.

ஜகந்நாதர் 1803-இல் தாணா மாவட்டத்து முர்பாடு என்னும் ஊரில் பிறந்தார் என்பர். அவருடைய முன்னோர் கொங்கண நாட்டிலிருந்து வணிகத்தின் பொருட்டுப் பம்பாய் வந்து குடியேறியவர்கள். இதனை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். பம்பாயை ஆக்கியவர்களுள் பெரும்பாலோர் வேறிடத்திலிருந்து வந்தவர்களே. சூரத்திலிருந்து வந்த பார்சிகள், கட்ச்சிலிருந்து வந்த பாட்டியாக்கள், கொங்கணத்திலிருந்து வந்த மராட்டியர், ஏமன் முதல் பாக்தாத் வரை பல நாடுகளிலிருந்து வந்தோர் எனப் பலரும் கூடி எழுப்பிய நகரம் அது. தமிழர் அவ்வரிசையில் பிந்தி வந்தவர், அவ்வளவே வேறுபாடு.

தந்தையார் சங்கர்சேட் கோட்டைப் பகுதியில் பெயர் பெற்ற வணிகர். 1822-இல் அவர் மறைந்தபோது ஜகந்நாதருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. பெருஞ்செல்வமும் பெருவணிகமும் அவ்விளைஞரின் தோள்மேல் ஏறின. அவற்றை அவர் கட்டிக் காத்ததோடு வளர்க்கவும் செய்தார். அராபிய வணிகரும் ஆப்கானிய வணிகரும் தம் பொருளை வங்கிகளில் வைப்பதினும் அவரிடம் வைப்பதே பாதுகாப்பு என்று எண்ணி ஒப்படைத்துச் சென்றனர் என்று அவர் வரலாறு கூறுகிறது. கடல் கடந்து வந்த ஒருவன், மொழியும் சமயமும் வேறான மற்றொருவரிடம் தன் பொன்னை நம்பி விடுகிறான் என்றால், அந்நம்பிக்கையே வணிகத்தில் முதல். பிற்காலத்தில் ஜகந்நாதர் பொது வாழ்வில் ஈடுபட்டபோது கொண்டு சென்ற முதலும் அதுவே.

பொது வாழ்வில் அவர் முதலில் ஈடுபட்ட துறை கல்வி. எல்பின்ஸ்டன் பம்பாய் மாகாணத்துக் கவர்னராக 1819 முதல் 1827 வரை இருந்தார். அக்காலத்தில், 1822-இல், சுதேசப் பள்ளிகளையும் பாடநூல்களையும் பெருக்குவதற்கு ஒரு கழகம் எழுந்தது. இளைஞரான ஜகந்நாதர் அதற்குத் துணை நின்றார். எல்பின்ஸ்டன் ஓய்வு பெற்றுச் சென்றபோது, அவர் பெயரால் ஆசிரியப் பதவிகள் நிறுவப் பம்பாய் மக்கள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் திரட்டினர். சிலை வைப்பதற்கன்றிக் கல்விக்கென அத்தொகை திரட்டப்பட்டது என்பது அக்காலத்துப் பிரமுகர்களின் நோக்கைக் காட்டும். எல்பின்ஸ்டன் கல்லூரி அந்த விதையிலிருந்து முளைத்ததாகும்.

1840-இல் மாகாணக் கல்வியை மேற்பார்வையிட ஒரு கல்விக் குழு அமைக்கப்பட்டது. அதில் எழுவர் உறுப்பினர். அவருள் மூவர் இந்தியர். ஜகந்நாத் சங்கர்சேட், பிராம்ஜி காவஸ்ஜி, முகம்மது இப்ராகீம் மக்பா ஆகியோரே அம்மூவர். இந்து ஒருவர், பார்சி ஒருவர், முஸ்லிம் ஒருவர் என அமைந்த இம்மூவரும் ஒரு பெருஞ்சிக்கலில் ஒருமித்து நின்ற செய்தியை நாம் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

அக்குழுவின் தலைவராகப் பிறகு வந்தவர் சர் எர்ஸ்கின் பெர்ரி. உயர் நீதிமன்றங்கள் தோன்றுவதற்கு முன் இருந்த சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி. பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்சி மொழியாக வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. மேனாட்டு அறிவைக் கொண்டு செல்லும் வன்மை நாட்டு மொழிகளுக்கு இல்லை என்று அவர் வாதித்தார். ஜகந்நாதர் 1847-இல் தம் கருத்தை எழுத்தில் பதிவு செய்தார். அவர் ஆங்கிலத்தின் பகைவர் அல்லர். அவருடைய வணிகமும் சமூகத் தொடர்புகளும் ஆங்கிலேயரோடு பின்னியிருந்தன. எனினும், அறிவு சிலரிடம் தங்கிவிடாமல் மக்களிடையே பரவ வேண்டுமாயின், அது அவரவர் தாய்மொழி வாயிலாகவே பரவ முடியும் என்று அவர் வலியுறுத்தினார். ஆங்கிலத்தை முழுதும் கற்பதற்கு வேண்டிய பொருளும் காலமும் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஏனையோர் அரைகுறை ஆங்கிலம் கற்றுத் தம் மொழியையும் இழந்து நிற்பர். ஆதலின், தாய்மொழியை அடித்தளமாகக் கொண்டு, மேலே செல்ல விரும்புவோர்க்கு ஆங்கிலத்தையும் நன்கு கற்பிப்பதே முறை என்பது அவர் கட்சி.

பிராம்ஜியும் மக்பாவும் அவருடன் நின்றனர். ஜெர்விஸ் என்னும் ஆங்கிலேய இராணுவப் பொறியாளரும் அவர் பக்கம் சேர்ந்தார். எழுவர் குழுவில் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் ஆயினர். அதிகாரம் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில், நீதிபதியும் தலைவருமான ஒருவரை எதிர்த்து ஓர் இந்திய வணிகர் தம் மொழிக்காக வாதிட்டது எளிய செயல் அன்று. வழக்கு உடனே தீரவில்லை. ஆண்டுகள் பல நீண்டது. 1854-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, உயர் கல்விக்கு ஆங்கிலமும் பொதுமக்கள் கல்விக்கு நாட்டு மொழிகளும் உரியன என்று வகுத்தது. ஜகந்நாதர் கூறி வந்த கருத்துக்கு அது பெரிதும் அணுகியதேயாகும்.

இச்செய்தியில் நமக்கும் பங்கு உண்டு. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி முதலிய மொழிகளோடு தமிழிலும் பள்ளிகள் நடத்தி வருகிறது. தாராவியில் தோல் பதனிடுவோரின் பிள்ளைகளும் பிற தொழிலாளரின் பிள்ளைகளும் அத்தகைய பள்ளிகளில் எழுத்தறிந்தனர். பம்பாயில் பிறந்த குழந்தை தன் தாய்மொழியில் கற்கலாம் என்னும் கொள்கை நம் காலத்தில் வானத்திலிருந்து விழுந்தது அன்று. பிறமொழியாளர் ஒருவர், தம் மொழியான மராத்தியை எண்ணி எழுப்பிய வாதம், பின்னாளில் எல்லா மொழியினருக்கும் நிழலாயிற்று. தாய்மொழி நலத்தை ஒருவர் நேர்மையாக நாடினால், அந்நலம் பிறர் தாய்மொழிக்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

பெண் கல்வியிலும் அவர் காலத்தை முந்தி நின்றார். எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் 1848-இல் இலக்கிய விஞ்ஞானச் சங்கம் ஒன்றை நிறுவினர். தாதாபாய் நௌரோஜி அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். அச்சங்கம் 1849-இல் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தது. பெண்கள் கற்றால் குடும்பம் கெடும் என்று பலரும் ஏசிய காலம் அது. ஜகந்நாதர் கிர்காமில் தம் வீட்டு வளாகத்திலேயே ஒரு பள்ளிக்கு இடம் கொடுத்தார். செல்வர் ஒருவர் பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது வேறு. தம் வீட்டு வாயிலிலேயே அதை நடத்தச் சொல்லி ஊரார் பழியையும் ஏற்பது வேறு. அவர் செய்தது பின்னது.

இனி, ரயில் வண்டியின் கதைக்கு வருவோம். 1840-களில் பம்பாய்த் துறைமுகத்திற்குப் பருத்தி வந்து சேர்வது பெரும்பாடாக இருந்தது. தக்காணத்தில் விளைந்த பருத்தி எருதுகள் மீதும் வண்டிகளிலும் ஏறி மலைத்தொடரைக் கடந்து வர வேண்டும். மழைக்காலத்தில் வழி அடைபடும். சரக்கு நனைந்து கெடும். மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் இங்கிலாந்தில் ரயில் பாதை வேண்டும் என்று முழங்கினர். பம்பாயில் அதே கருத்தை முன்னெடுத்தவர்கள் ஜகந்நாதரும் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஆவர். 1845-இல் அவர்கள் பிற வணிகரோடு கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1849-இல் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் பதின்மருள் இந்தியர் இருவரே, அவர்கள் இவ்விருவரே.

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி புறப்பட்டது. பதினான்கு பெட்டிகள், ஏறத்தாழ நானூறு விருந்தினர், இழுத்துச் செல்ல சாஹிப், சிந்த், சுல்தான் என்னும் மூன்று எஞ்சின்கள். சென்ற தொலைவு 34 கிலோமீட்டர். இந்தியாவின் முதல் பயணி ரயில் அது. அது தாணாவோடு நின்றிருந்தால் நமக்கு அதில் பெருந்தொடர்பு இல்லை. ஆனால், பாதை வளர்ந்தது. 1863-இல் போர் மலைச்சரிவு வழியே வண்டிகள் ஏறத் தொடங்கின. தென்கிழக்கே நீண்ட அந்தப் பாதை 1871-இல் ராய்ச்சூரை அடைந்து, சென்னையிலிருந்து வந்த மதராஸ் ரயில்வேயின் இருப்புப் பாதையோடு இணைந்தது. பம்பாயும் சென்னையும் கைகோத்தது அன்றுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும், பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மாதுங்காவுக்கும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்ததற்கு அவ்விணைப்பு ஒரு பெருங்காரணம். பருத்திக்காக வகுக்கப்பட்ட பாதை மனிதருக்கு வழியாயிற்று. ஜகந்நாதர் இதைக் காண உயிரோடிருக்கவில்லை.

வணிகரும் கல்விக் குழுவினருமாக இருந்தவர் அரசியல் தலைவரானது 1852-இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் மறு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கு முன் இந்தியரின் குறைகள் பார்லிமெண்டின் செவிக்கு எட்ட வேண்டும் என்று அறிஞர் பலர் கருதினர். 1852 ஆகஸ்டு 26-ஆம் நாள் எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் கூடிய கூட்டத்திற்கு ஜகந்நாதர் தலைமை தாங்கினார். அங்கே பம்பாய்ச் சங்கம் பிறந்தது; அவரே அதன் தலைவர். டாக்டர் பாவு தாஜியும் ஜகந்நாதரின் மகன் விநாயகரும் செயலாளராயினர். இளைஞரான தாதாபாய் நௌரோஜியும் அக்கூட்டத்தில் பேசினார். பம்பாய் மாகாணத்தின் முதல் அரசியல் சங்கம் இதுவே. அது பார்லிமெண்டுக்கு அனுப்பிய மகஜரில், ஆட்சியின் மிகுசெலவு எடுத்துக்காட்டப்பட்டது. உயர் உத்தியோகங்களிலும் சட்டம் செய்யும் அவைகளிலும் இந்தியருக்கு இடம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. அதன் குரல் மென்மையானதே. எனினும், அம்மென்மையையும் அஞ்சிச் செல்வர் சிலர் விலகினர். ஜகந்நாதர் விலகவில்லை.

அதே 1852-இல் சென்னையில் மதராஸ் சுதேச சங்கம் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அதை நிறுவிய கசுலு இலட்சுமிநரசு செட்டியாரும் ஒரு வணிகர். அவுரியும் கைக்குட்டைத் துணியும் விற்றுப் பொருளீட்டியவர். 1844-இல் கிரசெண்ட் என்னும் பத்திரிகையைத் தொடங்கி ஆட்சியின் குறைகளை எழுதியவர். நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் கொடுமையை அவர் வெளிப்படுத்தினார். 1853-இல் சென்னை வந்த டான்பி சீமோர் என்னும் பார்லிமெண்டு உறுப்பினருக்கு அதனை நேரிற் காட்டினார். அதன் பயனாக விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1855-இல் வந்த அதன் அறிக்கை கொடுமை உண்மையே என்று ஒப்புக்கொண்டது. இவ்விரு வணிகரையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். பம்பாய் வணிகர் நிறுவனங்களைக் கட்டினார். சென்னை வணிகர் கொடுமையை வெளிக்கொணர்ந்தார். முன்னவர் செல்வத்தோடு வாழ்ந்து மறைந்தார். பின்னவர் பொதுத்தொண்டில் பொருளை இழந்து 1868-இல் வறுமையில் மறைந்தார். நாட்டுக்கு இருவகையாரும் தேவைப்பட்டனர்.

1857-இல் வடநாட்டில் புரட்சி வெடித்தபோது, ஆங்கிலேயரோடு நெருங்கிப் பழகிய ஜகந்நாதர் மீதும் ஐயம் விழுந்தது. கிளர்ச்சியாளரோடு தொடர்பு கொண்டவரோ என்று ஆராய்ந்தனர். ஆதாரம் எதுவும் கிட்டவில்லை. அரசினர் அவையில் இருக்கை பெற்றவரும் அடிமை நாட்டில் ஐயத்திற்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஐயம் தீர்ந்தபின் மீண்டும் அவரை நாடியதும் அதே அரசுதான். 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி பம்பாயில் சட்டசபை அமைந்தபோது, 1862-இல் நியமிக்கப்பட்ட முதல் இந்திய உறுப்பினர்களுள் அவரும் ஒருவரானார். பத்தாண்டுகளுக்கு முன் மகஜரில் கேட்ட இடங்களுள் ஒன்றில் அவரே அமர்ந்தார்.

அவர் கைபட்ட பொதுக் காரியங்கள் இன்னும் பல. பைகுல்லாவில் இன்று டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் என்று வழங்குவதை அமைக்க முயன்ற குழுவில் அவர் முன்னின்றார். கிராண்ட் ரோடில் 1846-இல் எழுந்த நாடக அரங்கு அவருடைய நிலத்தில் கட்டப்பட்டது. மராத்தி நாடகமும் பார்சி நாடகமும் அங்கே வளர்ந்தன. பிற்காலத்தில் தென்னாடு வந்த பார்சிக் குழுக்களின் திரைச்சீலைகளையும் காட்சி அமைப்பையும் கண்டு நம் தமிழ் நாடக மேடை மாறிற்று என்பதை நாம் அறிவோம்.

1865-ஆம் ஆண்டு பம்பாய்க்குக் கொடிய ஆண்டு. அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்கு வராமல் நின்றது. பம்பாய்ப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்தது. அப்பணம் பங்கு வாணிபத்தில் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளைக் கற்றவரும் கல்லாதவரும் வாங்கிக் குவித்தனர். போர் ஓய்ந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது. ஜூலை முதல் நாள் தவணை தீர்க்க இயலாமல் பல நிறுவனங்கள் கவிழ்ந்தன. அதே மாதம் 31-ஆம் நாள் ஜகந்நாதர் காலமானார். ஒரே இரவில் பணக்காரராகும் வெறி ஊரைச் சூறையாடிய மாதத்தில், நம்பிக்கையை முதலாகக் கொண்டு தலைமுறைகளாக வணிகம் செய்த வீட்டின் தலைவர் மறைந்தார்.

அவரை மாசற்ற தெய்வமாக்குவது நம் நோக்கம் அன்று. பம்பாய்ச் சங்கம் செல்வரின் சங்கமாகவே இருந்தது. 1854-இல் பம்பாயில் முதல் பருத்தி ஆலைக்குக் கால்கோள் இடப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் குரல் அச்சங்கத்தில் ஒலித்ததில்லை. சேரியில் வாழ்ந்தவனுக்கு அங்கே இருக்கை இல்லை. பிறர் சார்பில் பேசுபவர் எவ்வளவு நல்லவராயினும், தாமே பேசும் உரிமைக்கு அது ஈடாகாது. அவ்வுரிமை வரப் பின்னும் பல தலைமுறைகள் ஆயின. பலருடைய போராட்டம் வேண்டியிருந்தது. இக்குறை அவர் காலத்தின் குறை, ஆயினும் குறையே.

இப்பொழுது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். வாக்குச் சீட்டு இல்லாத காலத்தில் அவருக்கு மக்கள் சார்பில் பேசும் உரிமையை அளித்தவை மூன்று: வேற்று நாட்டவரும் நம்பிய நாணயம், தம் இல்லத்தையே பள்ளியாக்கிய ஈகை, தலைவர் முகம் சுளிப்பினும் தம் கருத்தை எழுதிப் பதிவு செய்த துணிவு. பணம் மட்டும் இருந்த செல்வர் அந்நாளில் பலர் இருந்தனர். அவர்கள் பெயர்களைச் சாலைகள் தாங்கவில்லை.

ஆசியச் சங்கத்தின் பழைய நகர மண்டபத்தில் அவருடைய சலவைக்கல் உருவம் உள்ளது. 2024-இல் மும்பை சென்ட்ரல் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட மகாராஷ்டிர அமைச்சரவை பரிந்துரைத்தது. எனினும், அவருக்கு மிகவும் ஏற்ற நினைவு அவர் பெயரால் வழங்கும் சம்ஸ்கிருத உதவித்தொகை என்றே நாம் கருதுகிறோம். மெட்ரிகுலேஷன் தேர்வில் அதனைப் பெறுவது மாணவர்க்குப் பெரும் பெருமையாக இருந்தது. 1912-இல் அதனைப் பெற்ற மாணவர் ஒருவர் பிற்காலத்தில் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராகவும், சுதந்திர இந்தியாவின் நிதி அமைச்சராகவும் விளங்கிய சி. டி. தேஷ்முக்.

பிழைப்பு நாடி வந்த ஊரில் நாமும் பலவற்றைக் கட்டியிருக்கிறோம். 1932-இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்று எல்லா மொழியினர் பிள்ளைகளுக்கும் கல்வி அளிக்கிறது. செம்பூரிலும் தாராவியிலும் கோயில்களும் மன்றங்களும் நூல் நிலையங்களும் நம்மவர் உழைப்பால் எழுந்துள்ளன. எனினும், ஆங்கிலப் பள்ளியை நாடும் ஆவலில் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்து வருவதை நாம் கண்ணாற் காண்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று ஜகந்நாதர் கூறவில்லை. நாமும் கூற மாட்டோம். தாய்மொழியை அடித்தளமாக வைத்து அதன்மேல் ஆங்கிலத்தையும், வாழும் ஊரின் மொழியான மராத்தியையும் ஏற்றிக் கட்டலாம் என்பதே 1847-இல் அவர் எழுதியதிலிருந்து நாம் பெறும் பாடம். நம் பகுதியில் ஒரு தமிழ் வகுப்பு மூடப்படும் நிலையில் இருந்தால், நாம் அதற்கு ஒரு பிள்ளையை அனுப்பலாம். அனுப்ப இயலாதார் மாலையில் ஒரு மணி நேரம் கற்பிக்கலாம். அதுவும் இயலாதார் தம் வீட்டுத் திண்ணையையோ கூடத்தையோ இடமாகத் தரலாம். கிர்காமில் ஒரு வணிகர் 1849-இல் செய்ததும் அதுதான்.